விருந்தாளி மூடியைத் திறப்பதில்லை

ஸாத்ரிமா, அல்பேனியா, அக்டோபர் 4

தீலாவுக்கு,

உன் அம்மா விழுந்துவிட்டார். கிழிப்பதற்கு முன் முதல் வரியையாவது படிப்பாய் என்பதால் இதை முதலில் எழுதினேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பக்கத்து வீட்டு லூலாவின் போனிலிருந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். லூலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "லைன் சரியில்ல போல" என்று சொல்கிறாள். நல்ல பெண்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே உள்ள அந்த உடைந்த படியில்தான் வழுக்கியது. இடுப்பெலும்பு போய்விட்டது. லெஷா நகர ஆஸ்பத்திரியில், இந்த வயதில் கத்தி வைக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்று என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். கட்டிலைச் சமையலறைக்குக் கொண்டுவந்து அடுப்புப் பக்கமாகப் போட்டிருக்கிறேன்.

அங்கே படுத்துக்கொண்டு அடுப்பைக் காவல் காக்கிறார். பீன்ஸ் சட்டியின் மூடியில் நான் கை வைத்தால் போதும், எழப் பார்க்கிறார். "நீங்க ஏன் தொடுறீங்க, உக்காருங்க. நான் பாத்துக்குறேன்." இடுப்பு உடைந்தவர் பார்த்துக்கொள்கிறாராம். விருந்தாளி அடுப்புச் சட்டியின் மூடியைத் திறந்தால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு என்பது உங்கள் வழக்கம். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆன நான் எந்த நாளில் விருந்தாளி இல்லாமல் போவேன் என்பது.

வாயைத் திறந்தால், "எவ்வளவு அழகாப் பேசுறீங்க, எங்களவிட நல்லாப் பேசுறீங்க" என்கிறார். வந்த அன்று நன்றி என்ற ஒரே சொல்லைத் தப்பாகச் சொன்னபோதும் இதைத்தான் சொன்னார். தலைநகர் திரானாவில் மொழித் தேர்வின் கடைசிப் படியையும் தாண்டி, இதற்குமேல் படி கிடையாது என்று எழுதிய சான்றிதழோடு வந்த அன்றும் இதையேதான் சொன்னார். உன்னை யாராவது நன்றாக அல்பேனிய மொழி பேசுகிறாய் என்று பாராட்டியிருக்கிறார்களா தீலா? பாராட்டமாட்டார்கள். வீட்டுப் பிள்ளையை எதற்குப் பாராட்ட வேண்டும்.

உன் பெயரை அவர் சொல்வதில்லை. ஆனால் லெஷாவிலிருந்து வரும் பேருந்து வளைவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறார். வந்துவிட்டுப் போ. என்மேல் உள்ள கோபத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு வா. போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

வழக்கமாகக் கேட்பதை இப்போதும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பு.

காரினா


பிரெஷா, இத்தாலி, அக்டோபர் 17

மதிப்பிற்குரிய காரினா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் திருத்த ஒன்றுமில்லை. என் எரிச்சலே அதுதான். என்னுடைய இந்தக் கடிதத்தில் பத்துப் பிழை இருக்கும், நீங்கள் வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மா விழுந்த செய்தியை லூலா முன்பே சொல்லிவிட்டாள். வரச் சொல்ல உங்களுக்கு வாய் கூசவில்லையா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறது. நான் ஏன் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி எழுதுகிறீர்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் பாஷ்க் நடுக்கூடத்தில் கிடந்தான். எங்கள் ஊரில் புருஷனுக்குப் பெண்டாட்டி ஒப்பாரி வைப்பதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு அழுவாள். ஒப்பாரி வைப்பது கூடப்பிறந்தவள். ஒரே தங்கச்சி நான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். அடி பிசகாமல், மூச்சு முட்டாமல், அவன் தாத்தா பெயரிலிருந்து எடுத்து, பழைய காலத்துச் சொற்களை எல்லாம் போட்டு, தனியாளாகப் பாடி முடித்தீர்கள். முடித்ததும் என்ன நடந்தது? அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவி சொன்னாள், "அடடா, ஒரு சொல் பிசகலையே, என்ன அழகு." அடுத்தவள், "நம்ம பொண்ணுங்களுக்கே இப்படி வராது" என்றாள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து உங்களுக்கு மார்க் போட்டார்கள். அன்று சாயங்காலம்வரை ஊரில் யாரும் பாஷ்க்கைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் அல்பேனிய மொழியைப் பற்றித்தான் பேசினார்கள். என் அண்ணன் சாவை நீங்கள் பரீட்சை ஹால் ஆக்கினீர்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று. அந்த ஒப்பாரி அன்றைக்கு உங்கள் வாயில் வந்தது அல்ல. அவன் ஆஸ்பத்திரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு அசை எண்ணினீர்கள். நான் பார்த்தேன். அப்போது ஜெபம் என்று நினைத்தேன்.

அதனால்தான் குழியில் மண் போடும்போது, ஊர் கேட்க, அவன் மண்மேல் கை வைத்துச் சொன்னேன், "இவ எங்க வீட்டுல குடியிருக்குற வரைக்கும் நான் அந்த வாசல மிதிக்கமாட்டேன்" என்று. சத்தியம் சத்தியம்தான். பிள்ளையில்லாத விதவை பிறந்த வீட்டுக்குப் போவதுதான் இங்கே வழக்கம். நீங்கள் போங்கள், நான் வருகிறேன்.

தீலா


ஸாத்ரிமா, அக்டோபர் 29

தீலாவுக்கு,

அசை எண்ணியது உண்மை. உனக்கு நெஞ்சிலிருந்து தானாக வருவது எனக்கு வராது. உங்கள் மொழியில் நான் எதற்கும் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போவதற்கு முன் வாழ்த்தை மனப்பாடம் செய்வேன். கடைக்காரன் கேலி பேசுவான் என்று தெரிந்தால் பதில் கேலியை வழியிலேயே தயார் செய்வேன். பாஷ்க் பிழைக்கமாட்டான் என்று டாக்டர் சொன்ன பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையில் ஒன்றுமில்லாமல் அவன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டுமா? எனக்குத் தெரிந்த விதத்தில் அழுதேன். அதைப் பாராட்டியது உங்கள் ஊர்ப் பெண்கள். அந்தப் பாராட்டைக் கேட்டபோது பிணத்தோடு என்னையும் சேர்த்துப் புதைத்தால் தேவலை என்றிருந்தது. இதை நீ நம்பமாட்டாய்.

போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "விருந்தாளியப் போகச் சொன்ன வீடுன்னு பேர் வாங்கவா? நான் செத்தப்புறம் போங்க" என்றார். உடம்பு துடைக்க என்னை விடுவதில்லை. லூலா வந்து துடைக்கிறாள். நான் வெந்நீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே லூலாவை, "மெதுவாத் துடைடி, எருமை, தோல உரிக்கிறியா" என்று திட்டுவது கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதினால் சிரிப்பாய். எருமை என்று ஒரு தடவை என்னைச் சொல்லமாட்டாரா என்றிருக்கிறது. உங்கள் மொழியில் வசவுகள் எத்தனை வகை உண்டு என்று நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட என்மேல் விழுந்ததில்லை.

நான் போய்விட்டால் நீ வந்து சேரும்வரை அவரைப் பார்க்க ஆளில்லை. லூலாவுக்கு மூன்று பிள்ளைகள். நான் போகாவிட்டால் நீ வரமாட்டாய். அதனால் நிகோல் பெரியவரிடம் போனேன். ஊரில் சத்தியம், சமரசம் எல்லாவற்றுக்கும் அவர்தானே. சத்தியத்தை எடுக்க வழி உண்டா என்று கேட்டேன். "எடுக்குறதுக்கு அது என்ன பாயா, சுருட்டி எடுக்க? அண்ணன் மண்ணுமேல கை வச்சுச் சொன்னது. மீறுனா அவ ஜென்மத்துக்கும் பொய்ச்சத்தியக்காரி. அவ வார்த்தைய நாய்கூட நம்பாது" என்றார்.

எழுந்து வரும்போது திரும்பக் கூப்பிட்டார். "அவ என்ன வார்த்தை சொன்னா? மிதிக்கமாட்டேன்னு மட்டுமா?"

"நான் குடியிருக்கும் வரைக்கும்னு சொன்னா."

சுருட்டு அணையும்வரை யோசித்தார். "விருந்தாளி ஒரு வீட்டுல குடியிருக்குறதில்ல. வந்து தங்குறதுதான். நீங்க அந்த வீட்டு மருமகளா, விருந்தாளியா? விருந்தாளின்னா, தீலா சத்தியம் உங்கள ஒண்ணும் பண்ணாது. அவ தாராளமா வரலாம். ஆனா அத நான் சொல்ல முடியாது, தீலா சொல்ல முடியாது. நீங்க உங்க வாயால, சாட்சி வச்சு, அந்த வீட்டுக்குள்ளேயே சொல்லணும்."

வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். என்னை எதுவும் கேட்டுவிடாதே.

காரினா


பிரெஷா, நவம்பர் 8

காரினா,

கேட்கிறேன். எதுவும் கேட்காதே என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இங்கே நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் விவரமாகச் சொன்னதில்லை. முதியோர் பராமரிப்பு என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு இத்தாலியக் கிழவியைத் தூக்கி உட்காரவைத்து, கழுவி, சோறூட்டுகிறேன். அவளுக்கும் இடுப்பு உடைந்தது. பதினோரு வருடமாகிறது, என் இத்தாலியப் பேச்சைக் கேட்டு இன்றுவரை திட்டிக்கொண்டே இருக்கிறாள். "வாயில கல்லப் போட்டுக்கிட்டுப் பேசுறியா" என்கிறாள். உனக்கு வேண்டியது வசவுதான் என்றால் ஒரு வாரம் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று முந்தாநாள் நினைத்துச் சிரித்தேன். பிறகு அவள் முதுகைத் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. யாரோ பெற்றவளின் முதுகை நான் துடைக்கிறேன், என்னைப் பெற்றவளுக்கு லூலா துடைக்கிறாள்.

சத்தியம் செய்தபோது எனக்கு அம்மா நினைவே வரவில்லை. இது உண்மை. உன்னைச் சுடவேண்டும் என்று கையை வைத்தேன், என் கைதான் சுட்டது. வில்லை விட்ட அம்பு, வாயை விட்ட சொல். கோபத்தில் செய்தது செல்லாது என்று இந்த நாட்டில் சொல்வார்கள். நம் ஊரில் கோபத்தில் செய்ததுதான் அதிகம் செல்லும்.

நிகோல் பெரியவர் சொன்னது சரி. விருந்தாளி குடியிருப்பதில்லை. நீ அதைச் சொல். மூன்று பேரைக் கூட்டி உட்காரவைத்து, நான் இந்த வீட்டு விருந்தாளி என்று ஒரே ஒரு தடவை சொல். உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். நீ பதினாறு வருடமாக எதற்காகப் படித்தாய் என்று தெரியாத அளவுக்கு நான் மடச்சி இல்லை. பாஷ்க் என்னிடம் சொல்வான், "உங்க அண்ணி தூக்கத்துல அவ மொழியில உளர்றதில்ல, நம்ம மொழியிலதான் உளர்றா" என்று. அவனுக்கு அதில் என்ன பெருமை தெரியுமா.

எனக்காகச் சொல்லவேண்டாம். அவள் வாசலைப் பார்க்கிறாள் என்று எழுதினாயே, அதற்காகச் சொல்.

தீலா


ஸாத்ரிமா, நவம்பர் 19

தீலா,

சொல்லிவிட்டேன்.

நிகோல் பெரியவர், லூலாவின் மாமனார், மேலத்தெரு கொல்லர், மூன்று பேர் வந்தார்கள். கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். பெரியவர் என் கையிலிருந்து தட்டை வாங்கி, "இனிமே நீங்க ஊத்தக்கூடாதும்மா" என்று லூலாவிடம் கொடுத்தார். அப்போதே ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கும் கேட்கவேண்டும் என்று சமையலறைக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னார்.

நான் முன்கூட்டியே தயார் செய்திருந்தேன், வேறு எப்படி. "நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்தவ. விருந்தாளியாத்தான் இருந்தேன். இங்க எனக்குக் குடியிருப்பு இல்ல, அடுப்புல உரிமை இல்ல. சோறும் மரியாதையும் குறைவில்லாமக் கிடைச்சது. இதுக்கு நீங்க மூணு பேரும் சாட்சி." என் வாழ்நாளில் உங்கள் மொழியில் நான் எதையும் இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. கொல்லர் மீசையைத் தடவிக்கொண்டு, "என்ன அழகாச் சொன்னாங்க, வக்கீல்கூட இப்படிச் சொல்லமாட்டான்" என்றார். லூலாவின் மாமனாரும் தலையாட்டினார்.

அத்தை மட்டும் பாராட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. வலியாக இருக்கும்.

முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் போகும்போது வாசலில் நின்று என் கோட்டைக் காட்டினார். உன் அம்மா கோட்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. "போகாத விருந்தாளிய யாரும் விருந்தாளின்னு நம்பமாட்டாங்கம்மா. தீலா வந்து நிக்கும்போது அந்தக் கோட்டு அங்க தொங்குச்சுன்னா, ஊரு சிரிக்கும். அவளத்தான் சிரிக்கும்" என்றார். சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாவிட்டால் சண்டை போட்டிருப்பேன்.

உன் பேருந்து வெள்ளிக்கிழமை காலை லெஷாவுக்கு வரும் என்று லூலா உன்னிடம் போனில் கேட்டுச் சொன்னாள். என்னுடையது அதற்கு முன்பே கிளம்பும். நடுவில் உள்ள நேரத்துக்கு லூலா உட்கார்ந்திருப்பாள். அத்தைக்குப் பாலில் ஊறவைத்த சோள ரொட்டிதான் இறங்குகிறது. சூடு அதிகம் கூடாது. இடது பக்கம் திருப்பாதே, கத்துவார். விறகு பந்தலுக்குக் கீழே அடுக்கியிருக்கிறது. பீன்ஸ் ஊறப்போட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். சிவப்பு மை வேண்டாம்.

காரினா


ஸாத்ரிமா, டிசம்பர் 12

அண்ணி,

உன் ஊர் முகவரியை லூலாவிடம் வாங்கினேன். இதை எப்படி உச்சரிப்பது என்றே தெரியவில்லை, பார்த்து எழுதுகிறேன்.

அம்மா போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை அடக்கம், பாஷ்க்குக்குப் பக்கத்தில். மழை. ஒப்பாரி நான் வைத்தேன். குரல் கட்டிக்கொண்டது, பாதியில் சொல் வராமல் நின்றேன், தாத்தா பெயரைக்கூட மாற்றிச் சொல்லிவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. எல்லோரும் அழுதார்கள். இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. குத்தும் என்று தெரிகிறது. ஆனாலும் வேறு யாரிடம் சொல்ல.

நான் வந்து நின்றபோது என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. "இளைச்சிட்டியே, அந்த ஊர்ல சோறு போடமாட்டாங்களா" என்றாள். அதற்காகத்தான் வந்தேன், கிடைத்தது. அதற்கு உனக்கு நான் கடன்பட்டவள். அடைக்க முடியாத கடன்.

கடைசி இரண்டு நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. உன்னைத் திட்டினாள். என்னவென்று எழுதமாட்டேன். செத்தவள் வாயிலிருந்து வந்த கடுஞ்சொல்லைத் தபாலில் அனுப்புவது பாவம். நீ இத்தனை வருடம் அவளுக்குச் செய்ததற்கு அது தகாது. நான் இதை எழுதியே இருக்கக்கூடாது, எழுதிவிட்டேன்.

உன் அறையில் சில புத்தகங்களும் ஒரு ஜோடி ரப்பர் பூட்சும் இருக்கின்றன. அனுப்பவா?

தீலா


கோட்கா, பின்லாந்து, ஜனவரி 3

தீலா,

அத்தைக்காகச் சொல்லவேண்டிய துக்க வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். எதையும் எழுதப்போவதில்லை. தயார் செய்த சொற்கள் போதும்.

அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. உங்கள் ஊரைப்போல இங்கே யாரும் களைத்துப்போனாயா, வீட்டில் எல்லோரும் சுகமா, மாடு சுகமா என்று கேட்பதில்லை. கடையில் கேட்டதற்கு மட்டும் பதில். நானும் இப்படித்தான் இருந்தேன், இப்போது முடியவில்லை. ரொட்டிக்கடைப் பெண்ணிடம் களைத்துப்போனாயா என்று கேட்டுவிட்டேன். உடம்புக்கு ஏதாவதா என்று என்னைக் கேட்டாள்.

கிளம்பிய அன்று அத்தையின் கட்டில் பக்கம் நின்றேன். போகும் விருந்தாளிக்கு, வழி நல்லாருக்கட்டும், திரும்ப எப்ப வருவீங்க என்று சொல்லி அனுப்புவது உங்கள் முறை. வழியில் போகும் பீங்கான் வியாபாரிக்குக்கூட அதைச் சொல்பவர் அவர். எனக்குச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது. பேருந்தில் முழு வழியும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மகள் என்றும் ஆகவில்லை, விருந்தாளிக்கு உள்ளதும் கிடைக்கவில்லை.

இப்போது நீ எழுதுகிறாய், அத்தை என்னைத் திட்டினார் என்று.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன். என்ன சொன்னார் தீலா? பாவம் என்று நினைக்காதே. மெருகு போடாதே, குறைக்காதே, கெட்ட வார்த்தை இருந்தால் அதையும் எழுது. அவர் சொன்னபடியே, சொல்லுக்குச் சொல். உன்னிடம் நான் கேட்கும் கடைசிப் பொருள் இது. பூட்சை லூலா எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. வசந்தத்தில் அங்கே வரலாமா? வீட்டைப் பூட்டி வைத்தால் கூரை ஒழுகும். நான் இருந்து பார்த்துக்கொள்வேன். திராட்சைக்கும் கவாத்து வெட்டவேண்டும்.

காரினா


ஸாத்ரிமா, ஜனவரி 20

அண்ணி,

நாளை பிரெஷாவுக்குப் போகிறேன். சாவியை லூலாவிடம் கொடுத்துவிட்டேன்.

வசந்தத்தில் வரலாமா என்று கேட்டாய். வரலாம், விருந்தாளியாக. நான் ஊரில் இருந்தால் முதல் காபி உனக்குத்தான் ஊற்றுவேன், நல்ல நாற்காலியைத் துடைத்துப் போடுவேன், போகும்போது சாலைவரை வந்து வழியனுப்புவேன். உன்னை அடுப்புப் பக்கம் விடமாட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள வரக்கூடாது. நீ அங்கே குடியிருந்தால், மூன்று பேர் முன்னால் நீ சொன்னது பொய்யாகும். அது பொய் என்றால், பாஷ்க் மண்மேல் நான் வைத்த கை பொய். கூரை ஒழுகட்டும். நிகோல் பெரியவரிடம் போய் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டேன். "அவங்க அவ்வளவு தெளிவாச் சொல்லிட்டாங்களேம்மா, அதுல ஒரு ஓட்டைகூட இல்ல" என்றார். கொஞ்சம் உளறிச் சொல்லியிருக்கக் கூடாதா நீ.

அம்மா சொன்னதை எழுதுகிறேன். நீ கேட்டதால் மட்டும் எழுதுகிறேன். படித்ததும் இந்தத் தாளை எரித்துவிடு. இதை நிகோல் பெரியவரிடம் சொல்லவில்லை, லூலாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் நீ யார் என்பதற்கு அம்மாவே சாட்சி ஆகிவிடுவாள், நான் அந்த வாசலை மிதித்தது சத்தியத்தை மிதித்தது ஆகிவிடும். எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். எழுதும்போதே எனக்குப் புரிகிறது, அன்று நீ சாட்சி வைத்துச் சொன்னபோது அவள் எதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள் என்று. கேட்டிருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

அடக்கத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை. நீ ஊறப்போட்டிருந்த பீன்ஸ் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. அடுப்பில் ஒன்றுமே இல்லை, வெறும் தணல். கருகுகிற வாடை அடிக்கிறது என்றாள். நான் இல்லை அம்மா என்றேன். என்னைத் தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை:

"எங்க போய்த் தொலைஞ்சா அவ? பீன்ஸ் கருகுது, மூடியத் தொறந்து பாக்க ஒரு நாதி இல்ல. கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்ட வத்திப்போச்சு. எருமை. பதினாறு வருஷமா இந்த வீட்டுல கெடக்குறா, இன்னும் ஒரு வார்த்தை ஒழுங்காப் பேசத் தெரியல."

தீலா